ஒரு தபால் கார்டு கனம்

வெள்ளக்கடை,
10-8-1986

மதிப்பிற்குரியவருக்கு,

கலாவதி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே மாமா, அத்தை, நான், மாடு, கன்று எல்லோரும் சுகம். காருக்கு மட்டும் சுகமில்லை. மஸ்கட்டில் வெயில் எப்படி, வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்று அத்தை கேட்கச் சொன்னார்கள்.

காரைப் பற்றிச் சொல்லுமுன் இன்னொரு சேதி. பயப்பட வேண்டாம், எல்லோரும் உயிரோடுதான் இருக்கிறோம். போன வாரம் உங்கள் அக்கா, ராசம்மாள் அண்ணி ஆத்தூரிலிருந்து வந்து, ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் மாரில் அடித்துக்கொண்டே இறங்கினார்கள். காரணம் நான்தான். ஆடிப் பதினெட்டுக்கு வரச் சொல்லி அத்தை சொல்லச் சொல்ல ஒரு தபால் கார்டு எழுதினேன். கார்டின் மூலையில் கருப்பாக ஏதோ எண்ணெய் இருந்தது. துடைத்தேன். துடைத்ததில் இன்னும் பரவியது. சாவுச் சேதிக்குத்தான் மூலையில் கருப்புத் தடவுவார்கள் என்பது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை. அண்ணி மூலையைப் பார்த்தவர் கார்டைப் படிக்கவே இல்லை. அப்பாதான் போய்விட்டார் என்று தானே முடிவு செய்து பஸ் ஏறிவிட்டார்கள்.

பஸ் ஸ்டாண்டில் டாக்சியோடு முதல் ஆளாக நின்றதும் மாமாதான். "ஏனுங்கப்பா, நீங்க இருக்கறீங்களா?" என்று அண்ணி கேட்க, மாமா பீடியை எறிந்துவிட்டு, "இருக்கறேன் சாமி, ஏறு வண்டியில" என்றாராம். வீட்டுக்கு வந்து விஷயம் தெரிந்த பிறகு அண்ணி அந்தக் கார்டை என் மடியில் வீசி, "காலேசுல இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா கண்ணு?" என்று கேட்டார்கள். கார்டைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டேன். இனி எழுதுமுன் நான்கு மூலையையும் பார்ப்பதற்கு ஒரு நினைவாக இருக்கட்டும்.

இப்போது கார். அண்ணி வந்துபோன நாளையொட்டித்தான் இது ஆரம்பித்தது. ஓடும்போது ஒரு குறையும் இல்லை. மலை ஏறுகிறது, இறங்குகிறது. நின்றால்தான் கோளாறு. ஐடிலிங்கில் மிஸ் அடிக்கிறது. டப்டப்டப் என்று போய், ஒரு டப்பை விழுங்கி, மறுபடி டப்டப் என்று போகிறது. கொண்டை ஊசி வளைவில் எதிரே ஏறிவரும் பஸ்ஸுக்கு வழிவிட்டு நின்றால், ஜுரம் வந்தவர் மாதிரி வண்டி முழுதும் நடுங்கி அணைந்துவிடுகிறது. முன்னால் ஒட்டியிருக்கிற பிள்ளையார் பசை விட்டுப்போய் அந்த நடுக்கத்தில் மெல்லத் திரும்பி, சவாரிக்காரர்களுக்குக் காட்ட வேண்டிய முகத்தைச் சாலைக்குக் காட்டுகிறார். லேடீஸ் சீட் மலைமுனையைப் பார்க்க வந்த புதுமணத் தம்பதி அதைப் பார்த்துவிட்டு, அபசகுனம் என்று பாதி வழியில் இறங்கி நடந்தே போய்விட்டார்களாம்.

அடிவாரத்தில் மெக்கானிக் ஜேசுதாஸ் அண்ணன் மூன்று முறை கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். அவருக்குத் தலைவலி வந்தாலும் கார்புரேட்டர்தான் காரணம் என்று சொல்வார் போல.

தீபாவளிக்குள் சரியாகாவிட்டால் சேலத்துப் புரோக்கரிடம் வண்டியைத் தள்ளிவிடுவதாக மாமா சொல்கிறார். தை மாதம் உங்கள் ஒப்பந்தம் முடிகிறது, கம்பெனி இன்னும் இரண்டு வருஷத்துக்கு நவம்பருக்குள் கையெழுத்துக் கேட்கிறது, ஊரில் ஓட்டுவதற்கு வண்டி இருந்தால் வருவேன், இல்லையென்றால் வந்து என்ன செய்வது, கையெழுத்துப் போட்டுவிடுவேன் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். ஆகவே என்ன செய்யலாம் என்று விவரமாக எழுதவும்.

இப்படிக்கு,
கலாவதி

இதுவரை எழுதியதை மாமாவுக்கும் அத்தைக்கும் வழக்கம்போல் உரக்கப் படித்துக் காட்டிவிட்டேன். ஒட்டுவதற்கு முன் இந்த வரியைச் சேர்க்கிறேன். வேறு என்னவோ எழுத நினைத்தேன். பசை காய்கிறது.

---

வெள்ளக்கடை,
14-9-1986

அன்புக்கும் மதிப்புக்கும் உரியவருக்கு,

கலாவதி எழுதுவது. உங்கள் கடிதம் நீங்கள் போட்ட பன்னிரண்டாம் நாள் வந்து சேர்ந்தது. மாமா வாசலில் நின்று படித்தார். நீங்கள் எழுதியபடியே எல்லாம் செய்தோம், ஒரு இடம் தவிர.

எஞ்சின் ஓடும்போது பிளக் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்கச் சொல்லியிருந்தீர்கள். எந்த வயரைப் பிடுங்கினால் சத்தம் மாறவில்லையோ அந்தச் சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை என்று அர்த்தம், காய்ந்த துணியைச் சுற்றித்தான் தொட வேண்டும் என்றும் அடிக்கோடிட்டிருந்தீர்கள். நான் துணி கொடுத்தேன். "முப்பது வருசமா வண்டி ஓட்டறேன் அம்மிணி, துணி எதுக்கு?" என்று சொல்லிவிட்டு மாமா வெறுங்கையால் முதல் வயரைத் தொட்டார். அப்போது அவர் சொன்ன சொல்லை நான் எழுத மாட்டேன். அத்தையே அதை முதல்முறையாக அன்றுதான் கேட்டார்களாம்.

பிறகு துணி சுற்றி நானே பிடுங்கினேன். முதல் வயர், எஞ்சின் தொய்ந்தது. இரண்டாவது, தொய்ந்தது. மூன்றாவதும் அப்படியே. நான்காவதைப் பிடுங்கினேன், ஒன்றுமே ஆகவில்லை. மறுபடி மாட்டினேன், அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. மாமா இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "அட, மூணு பேரு ஒழைக்கறான், நாலாவதுக்காரன் உக்காந்து சோறு திங்கறான்!" என்றார். அத்தை உடனே, "அது உங்க அப்பன் ஊட்டு வழக்கமுங்க" என்றார்கள். 

நான்காவது பிளக்கை முதலாவதிலும், முதலாவதை நான்காவதிலும் மாற்றிப் போட்டோம். அப்போதும் நான்காவதுதான் சும்மா இருந்தது. வயரை மாற்றினோம், அதே கதை. ஆகவே பிளக்கிலோ வயரிலோ குற்றமில்லை. ஜேசுதாஸ் அண்ணன் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப கார்புரேட்டர்தாங்க" என்றார்.

இரண்டு விஷயம் நானாகக் கவனித்தேன், சரியா என்று தெரியவில்லை. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நடுக்கம் இல்லை. அடிவாரம் போய் ஏறி வந்து சூடான பிறகுதான் நடுங்குகிறது. மிஸ் அடிக்கிற நேரத்தில் புகைக்குழாயில் புஸ் புஸ் என்று ஒரு மூச்சும் கேட்கிறது. இதை மாமாவிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. உங்களுக்கு எழுத அவ்வளவு கூச்சமாக இல்லை.

புரோக்கர் ஒருமுறை வந்து டயரை உதைத்துப் பார்த்துவிட்டுப் போனார். உதைத்தது எனக்குப் பிடிக்கவில்லை.

இப்படிக்கு,
கலாவதி

படித்துக் காட்டியாயிற்று. கல்யாணமாகி, நீங்கள் மஸ்கட்டுக்குப் போகும் முன் நாம் ஒரே வீட்டில் இருந்தது இருபத்தாறு நாள். இந்தக் கார் கெட்ட பிறகுதான் நமக்குள் இவ்வளவு பேச்சு வந்திருக்கிறது. முற்றிலும் கெட்டுப்போகாமல் இருந்தால் நல்லது.

---

வெள்ளக்கடை,
26-10-1986

அன்புள்ளவருக்கு,

கலாவதி எழுதுவது. கார் சரியாகிவிட்டது. முதல் வரியிலேயே சொல்லிவிட்டால் நீங்கள் நிதானமாகப் படிக்கலாம்.

சூடானால்தான் நடுங்குகிறது, புகைக்குழாயில் மூச்சு வருகிறது என்றால் டேப்பட்டாகத்தான் இருக்கும், நாலாவது சிலிண்டரில் வால்வுக்கு மேல் விடுகிற இடைவெளி குறைந்திருக்கும், கடைசியாக டேப்பட்டில் கைவைத்தது யார் என்று அப்பாவைக் கேள் என்று எழுதியிருந்தீர்கள். ஃபீலர் கேஜ் தகட்டைச் செருகி அந்த இடைவெளியை அளக்கச் சொல்லிவிட்டு, அந்தக் கேஜ் உங்கள் பெட்டியில் மஸ்கட்டுக்கே வந்துவிட்டது என்று கடைசியில் நீங்களே எழுதியிருந்ததைக் கேட்டு அத்தை சிரித்தார்கள். ஜேசுதாஸ் அண்ணனிடம் இருந்த கேஜை யாரோ இரவல் வாங்கிப்போய் வருஷமாகிறது. அவர் தேடவும் இல்லை.

கேட்டேன். "டேப்பட்டா? நான் தொடவே இல்ல அம்மிணி" என்றார் மாமா. சொல்லிவிட்டு அவசரமாக மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். மாடு அப்போதுதான் குடித்திருந்தது.

அன்று புத்தகத்தைத் திறந்தபோது அண்ணி வீசிய கார்டு விழுந்தது. மூலையில் அந்தக் கருப்பு. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கருப்புக்கு நடுவே கோடு கோடாக அழுத்தின தடம் இருந்தது, இரும்பு கடித்த மாதிரி. நம் வீட்டில் எழுதாத கார்டுக்கு எஞ்சின் எண்ணெய் எப்படி வந்தது? அப்போதுதான் நினைவு வந்தது. ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பால் வண்டி கிளம்புகிற நேரம், அதில் கொடுத்தனுப்பக் கார்டு வேண்டும் என்று அத்தை மாமாவின் கையிலிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டு வந்து என்னிடம் நீட்டினார்கள். மாமா பானெட்டுக்குள் தலையை விட்டிருந்தார்.

நான் வாதாடவில்லை. எனக்கு அது வராது. கார்டை மாமாவின் காப்பித் தம்ளருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். பிறகு, "உன்ர அத்தையக் கூப்புடு" என்றார்.

எஸ்டேட் துரையின் வண்டி ஓட்டிய காலத்திலிருந்தே மாமாவுக்குக் கேஜ் என்றால் தபால் கார்டுதானாம். வால்வுக்கு மேலே கார்டைச் செருகி, இழுத்தால் லேசாகப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் அளவு. நீங்கள் தொழில் படித்து வந்து கேஜ் வைத்துச் செய்ய ஆரம்பித்ததும் விட்டுவிட்டார். நீங்கள் போன பிறகு, அந்த ஞாயிறன்று பழைய கை அரித்திருக்கிறது. சிலிண்டருக்கு இரண்டாக எட்டு வால்வு, அதில் ஆறைக் கார்டு வைத்து முடித்திருக்கிறார். ஏழாவதுக்குப் போகும்போது அத்தை கார்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். வீட்டில் இருந்தது அந்த ஒரே கார்டு, தபாலாபீசும் லீவு.

"பாதி வேலையில புடுங்கினது நீதான்!" என்றார் மாமா. "தபால்ல போடற கார்ட எஞ்சினுக்குள்ள போட்டது யாருங்க? எம் புள்ள பஸ் ஸ்டாண்டுல ஒப்பாரி வெச்சது எதனாலீங்க?" என்று அத்தை கேட்டார்கள். 

மீதி இரண்டு வால்வுக்கு எதை வைத்தீர்கள் என்று நான் மெதுவாகக் கேட்டேன். மாமா காருக்குப் போய், ஆர்.சி. புத்தகத்துக்குள்ளிருந்து இரண்டாக மடித்த ஒரு ஏர்மெயில் தாளை எடுத்து வந்தார். எண்ணெயில் ஊறியிருந்தது. மஸ்கட்டிலிருந்து நீங்கள் எழுதிய முதல் கடிதம். தொலைந்துபோயிற்று என்று நான் ஒன்றரை வருஷமாகத் தேடிய கடிதம். வண்டியில் கூடவே வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மறுநாள் தபாலாபீசில் பத்துக் கார்டு வாங்கி அடுக்கி ஸ்கேலில் அளந்தேன். உங்கள் கடிதங்களையும் அப்படியே அடுக்கி அளந்தேன். ஒரு கார்டு கனம், நான்கு ஏர்மெயில் தாள். மாமா மடித்து வைத்ததோ இரண்டு. பாதி இடைவெளிதான். சூட்டில் இரும்பு நீளும், பாதி இடைவெளி போதாது, வால்வு முழுக்க மூடாமல் அந்தச் சிலிண்டர் மூச்சை விட்டுவிடும். ஓடும்போது தெரியாது, நிற்கும்போது தெரியும். மூன்று வருஷம் படித்த பௌதிகம் முதல்முறையாக எனக்கு ஒரு வேலைக்கு ஆயிற்று.

காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மாமா ஹேண்டில் போட்டுச் சுற்றினார். நான் புதுக் கார்டைச் செருகி ஏழாவதையும் எட்டாவதையும் சரிசெய்தேன். மற்ற மூன்று சிலிண்டரும் கார்டு கணக்கில் ஒழுங்காக ஓடும்போது இதற்கும் அதே கணக்குத்தானே. "புடிக்குதா அம்மிணி, லேசாப் புடிக்குதா?" என்று மாமா கேட்டுக்கொண்டே இருந்தார். பிடித்தது.

அன்று சாயங்காலம் மூவரும் அடிவாரம் போய் ஏறி வந்தோம். ஒன்பதாவது வளைவில், வேண்டுமென்றே, சூடான எஞ்சினோடு நிறுத்தினோம். டப்டப்டப்டப். ஒரு டப் கூட விழுங்கவில்லை. அத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு பிள்ளையாரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் எங்களைப் பார்த்தபடியே இருந்தார். அடிவாரத்தில் ஜேசுதாஸ் அண்ணனிடமும் நிறுத்திக் காட்டியிருந்தோம். காதைக் கொடுத்துக் கேட்டவர், "நாஞ் சொன்னன்ல, மூணு தடவ கழுவினது இப்பத்தான் வேல செய்யுது" என்றார்.

நேற்றுப் புரோக்கர் வந்தார். "விக்கறதா? இந்த வண்டியவா? யாருங்க சொன்னது?" என்று மாமா ஆச்சரியப்பட்டார். டயரை உதைக்க விடவில்லை.

இந்தக் கடிதத்தையும் படித்துக் காட்டப் போனேன். மாமா கைகாட்டி நிறுத்தினார். "வேண்டா அம்மிணி, ஒட்டிரு" என்றார். காரணம், அந்த எண்ணெய்த் தாளை அவர் என்னிடமே கொடுத்துவிட்டார். அதன் கடைசி இரண்டு வரியை, அது வந்த அன்று வாசலில் நின்று எங்களுக்குப் படிக்கும்போது விட்டுவிட்டாராம். "அதெல்லாஞ் சத்தமாப் படிக்கற சங்கதியா?" என்று தரையைப் பார்த்துக் கேட்டார். கறைக்குள் எழுத்து தெரிந்தது. "கலாவதி வாயைத் திறந்து எதுவும் கேட்க மாட்டாள். அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள்" என்று எழுதியிருந்தீர்கள். ஒன்றரை வருஷம் பதில் வராததற்கு என்னை மன்னிக்க வேண்டும். கேள்வி காருக்குள் இருந்தது.

யாருக்கும் படித்துக் காட்டாத கடிதம் இது. ஆனாலும் என்ன எழுதுவது என்று நான்கு முறை பேனாவை மூடிவிட்டேன். நவம்பர் முடிவதற்குள் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும் என்பது நினைவிருக்கிறது. ஆகவே கேட்டுவிடுகிறேன். எனக்கு அந்த ஃபீலர் கேஜ் வேண்டும். கார்டு வைத்து எத்தனை நாள் சமாளிப்பது? தபாலில் அனுப்ப வேண்டாம். பார்சலில், தெரிந்தவர் கையில், எதிலும் வேண்டாம். தை பிறந்ததும் நீங்களே கையில் கொண்டுவந்து தாருங்கள்.

அடிவாரத்தில் வண்டியோடு நிற்போம். பஸ் எவ்வளவு தாமதமானாலும் பரவாயில்லை, எஞ்சினை அணைக்காமலே வைத்திருப்போம். இப்போது அது அணையாமல் நிற்கும்.

காத்திருக்கும்,
கலாவதி

உறையின் நான்கு மூலையையும் பார்த்துவிட்டேன். சுத்தமாக இருக்கிறது. ஒரு மூலையில் மட்டும் அத்தை மஞ்சள் தடவியிருக்கிறார்கள்.