தட்டின் இடப்பக்கத்தில் இருந்த மீன்

தண்டர் பே,
ஏப்ரல் 9

அன்பு மகள் கைசாவுக்கு,

நானும் உன் அம்மாவும் இங்கே சௌக்கியம்; அதிலும் என் வலது பாதி அமோகமாக இருக்கிறது. நீயும் ஆக்லாந்தில் முழுசாக நலமாயிருக்க வேண்டும். அம்மா போனில் அழுததை வைத்து ஏதேதோ கற்பனை செய்திருப்பாய், அதனால் நடந்ததை நானே எழுதுகிறேன்.

தலையிலிருந்த கட்டியை எடுத்துப் பத்தாம் நாள் என்னை மறுவாழ்வு மையத்துக்கு மாற்றினார்கள். போனதுமே சாப்பாட்டில் தகராறு. பக்கத்துக் கட்டில்காரருக்கு மீன், எனக்கு வெறும் உருளைக்கிழங்கு. மூன்று நாள் பொறுத்தேன். நான்காம் நாள் தலைமை நர்ஸைக் கூப்பிட்டு, முப்பத்தோரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவன் நான், ஒரு குழந்தையைக்கூட வழியில் விட்டதில்லை, உங்களால் ஒரு மீன் துண்டை ஒழுங்காகக் கொண்டுவந்து சேர்க்க முடியவில்லையா என்று சத்தம் போட்டுவிட்டேன். எனக்குப் பயிற்சி கொடுக்கும் ஓடெட் என்ற பெண் வந்து தட்டை அரைச்சுற்று திருப்பி வைத்தாள். மீன் இருந்தது, எலுமிச்சைத் துண்டோடு. "நாலு நாளா இங்கேதான் இருக்கு ரெய்னோ, நீங்கதான் இந்தப் பக்கம் வரவே இல்ல" என்றாள். கண்ணில் கோளாறில்லையாம், கட்டி இருந்த இடம் அப்படி, இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை விட்டுவிடுகிறதாம். ஒரு வாரமாக நான் பாதி முகத்துக்கு மட்டும் சவரம் செய்துகொண்டிருந்தேனாம், மனசு நோகுமென்று உன் அம்மா வாயே திறக்கவில்லை. நாற்பது வருஷத்தில் அவள் சொல்லாமல் விட்ட என் ஒரே குறை அதுதான். எல்லாரும் சிரித்தோம். ஆனால் உன்னிடம் மறைப்பானேன், உள்ளுக்குள் பயந்துதான் போனேன். இந்த ஊரில் நாம் சாலையின் வலப்பக்கம் ஓட்டுகிறோம், எதிரே வருகிற வண்டியெல்லாம் இடப்பக்கம்தானே வரும்? ஆபரேஷனுக்கு முன்பே எத்தனை நாள் அப்படி ஓட்டினேனோ. யாரும் கேட்காமலே லைசென்ஸை எடுத்து அம்மா கையில் கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்குப் போக ஒரு பரீட்சை வைத்தார்கள். அங்கிருக்கும் சமையலறையில் நான் தனியாகக் காபி போட்டு பான்கேக் சுட வேண்டும், தேறாவிட்டால் பராமரிப்பு இல்லம்தான். அம்மா உதவக்கூடாது என்பதால் இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பான்கேக் பொன்னிறமாக வந்தது. பக்கத்து அறையில் யாரோ எதையோ கருக்குகிறார்கள் என்று நான் பெருமையாகச் சொன்னபோது, என் இடது அடுப்பில் கைத்துணி புகைந்துகொண்டிருந்தது. தோற்றேன். அன்று அம்மா கழிப்பறைக்குப் போய் வர ரொம்ப நேரமானது. ஓடெட் மட்டும் அசரவில்லை. அடுப்பு, தட்டு, கண்ணாடி எல்லாவற்றின் இடது ஓரத்திலும் சிவப்பு டேப் ஒட்டி, சிவப்பு தெரியும்வரை தலையைத் திருப்பச் சொன்னாள். மூன்று வாரம் ஆந்தை மாதிரித் திருப்பினேன். மறுபடி பரீட்சை, இந்த முறை புகையில்லை. நான் போட்ட காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, நல்லவேளை ருசிக்கு மார்க் இல்லை என்றாள் ஓடெட்.

வியாழக்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டோம். கட்டியில் கொஞ்சம் உள்ளே மிச்சமிருக்கிறது, எடுத்தால் ஆபத்தாம். அடுத்த மாதம் கதிர்வீச்சு, ஜூனில் ஸ்கேன். எத்தனை நாள் என்று கேட்டேன், ஸ்கேன் பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள், சரி என்றேன். ஓடெட் கடைசியாகப் போட்ட உத்தரவு எனக்கில்லை, அம்மாவுக்கு: இனி எப்போதும் இவருக்கு இடப்பக்கமே உட்கார வேண்டும், அப்போதுதான் திரும்பப் பழகுவார் என்று. முதல் நாள் காலையில் அவள் இன்னும் எழவில்லை என்று நினைத்து, அவள் சுட்ட ரொட்டியைப் பற்றி வாய்விட்டே புலம்பினேன். முழுசும் கேட்டுவிட்டு, "இங்கதான்யா இருக்கேன், திரும்பு" என்றாள். திரும்பினேன். "இன்னும் கொஞ்சம்" என்றாள்.

நீ உடம்பைப் பார்த்துக்கொள், மழையில் சைக்கிள் ஓட்டாதே. எங்கள் ஆசி உனக்கு எப்போதும் உண்டு. ஜூலையில் வரும்போது ஒன்றை மட்டும் மறக்காதே: சுலபமாக இருக்குமென்று என் வலப்பக்கம் வந்து நிற்காதே. இடப்பக்கம் உட்கார். நேரமானாலும் குரல் கொடுக்காதே. நானே திரும்பி உன்னைக் கண்டுபிடிக்கிறேன்.

உன் அப்பா,
ரெய்னோ