ஆமிக்கு மாட்டேன் என்ற பெட்டி

கரடியனாறு
04.01.2008

அன்பு மகள் நிரோஜினிக்கு அப்பா எழுதுவது. கண்ணகை அம்மன் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம், நீயும் அந்த நோர்வேக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறோம். இடம்பெயர்ந்து திரும்பி வந்து இத்தனை மாதமாகியும் கரண்ட் வரவில்லை, கூரையில் இருக்கும் சோலார் தட்டுத்தான் எல்லாம். நீ செய்து அனுப்பிய சின்னக் கொம்பியூட்டரை உன் கடதாசியைப் பார்த்து நானே பூட்டினேன். சவர்க்காரக் கட்டி அளவுதான், ஆனால் வீட்டில் அதிகாரம் முழுக்க இப்போது அதனிடம். பற்றரி இறங்கினால் கத்துகிறது, பிறகு ரிவியை நிறுத்துகிறது, பிறகு போன் சார்ச் பண்ணும் பிளக்கை. நாடகத்தில் தாலி கட்டப் போகும் நேரத்தில் நிறுத்தியதால் அம்மா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை, பூட்டினது நானாம்.

போன செவ்வாய் காலை ஆமி சுற்றிவளைத்து வீடு வீடாகப் பார்த்தார்கள். எங்கள் வீட்டில் சுவரில் வயரும் சிவப்பு லைற்றுமாக மினுங்கும் பெட்டியைக் கண்டதும் ஒருவன் துவக்கை என் முதுகில் வைத்துவிட்டான். மகளே, உன்னை இனிப் பார்ப்பேனா என்று நினைத்தேன். அவர்களுக்குப் பெரியவர் இது என்ன என்று கேட்டார். மகள் செய்தது என்று சொல்ல வெளிக்கிட்டேன், பதற்றத்தில் "செய்தது" என்பதற்குச் சிங்களம் வரவில்லை. பெட்டியைக் காட்டி "மகே துவ", என் மகள், என்று மட்டும் சொன்னேன். அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மூன்று நாள் அடைமழை, பற்றரியில் ஒன்றுமில்லை, உன் பெட்டி அந்த நேரம் பார்த்து பீப் பீப் என்று கத்தத் தொடங்கியது. குண்டென்று வெளியில் பாய்ந்தவர்கள் முற்றத்துச் சேற்றில் குப்புற விழுந்தார்கள், நானும் அவர்களோடு விழுந்தேன். அம்மா மட்டும் தேங்காய்ப்பூ துருவின கையோடு வந்து, பாடிக்கொண்டிருந்த ரேடியோவை நிறுத்தினா, சத்தமும் நின்றது. "பயப்பிடாதீங்க தம்பிமாரே, கரண்ட் காணாதாம், அதான் கத்துது" என்றா. அவர்களில் தமிழ் தெரிந்த ஒரு பொடியன் அதைச் சிங்களத்தில் சொல்ல, பெரியவர் சேற்றைத் துடைத்துக்கொண்டு, ரேடியோவை நாலு தரம் போட்டு நிறுத்திக் காட்டச் சொன்னார். நாலாவது தரம் சிரித்துவிட்டார்.

அடுத்த நாள் அதே ஆட்கள் மூன்று போனோடு வந்து சார்ச் கேட்டார்கள். பெட்டி கொடுக்கவில்லை. "அது எங்கட சொல்லையே கேக்காது தம்பி, மழை விட்டாத்தான் தரும்" என்று அம்மா சொல்லி அனுப்பிவிட்டா. இந்தப் பக்கத்தில் ஆமிக்கு மாட்டேன் என்று சொல்லியும் ஒன்றும் ஆகாமல் இருக்கிற ஒரே ஆள் அதுதான். இந்தக் கடிதத்தை வழியில் பிரித்துப் படிக்கிறவர்களும் கோபிக்க வேண்டாம்.

நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியில் போ. அம்மன் உனக்குக் காவல். யாராவது இந்தப் பக்கம் வந்தால் மறக்காமல் ஒரு அட்டை கொடுத்து அனுப்பு, மூன்று பாஷையிலும் பெரிய எழுத்தில், இது வெடிக்காது என்று. சிங்களத்தை முதலில் போடு.

உன் சுகம் கேட்டுக் காத்திருக்கும்
அப்பா
க. தங்கராசா