வாப்பாவுக்கு வாங்கிய தூண்டில் தடி

மடவளை,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் ஸாகிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நான், வாப்பா, தங்கச்சி ஷஹ்மா மூவரும் சுகம். அந்தக் கத்தார் வெயிலிலும் உன்னைக் குளிர்மையாக வைத்திருக்கும்படி ஐந்து நேரத் தொழுகையிலும் கேட்கிறேன். நாள் தவறாமல் போனில் முகம் பார்த்துப் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். போன் அடித்தவுடன் வாப்பா பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார், அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றி எப்படிச் சொல்வது? அதனால்தான் பவாஸ் மாமா தோஹாவுக்குத் திரும்பும்போது மிளகாய்த்தூள் பார்சலோடு இதையும் கொடுத்துவிடுகிறேன்.

முதலில் ஒரு பொய்யை ஒத்துக்கொள்கிறேன். நீ கார்கோவில் அனுப்பிய தூண்டில் தடி நன்றாக இருக்கிறது, வாப்பாவுக்குப் பிடித்துவிட்டது என்று நீ கேட்டபோதெல்லாம் சொன்னேனே, அது பச்சைப் பொய். அது கடலில் எறிகிற தடி மகன், பதின்மூன்று அடி, ஹோலில் நிமிர்த்தினால் சீலிங்கில் இடிக்கிறது. கண்டியில் உனக்கு எங்கே கடல் தெரிந்தது? கடைக்காரன் பெரியதைக் காட்டியிருப்பான், வாப்பாவுக்கென்றால் பெரியதுதான் வேண்டும் என்று நீயும் வாங்கியிருப்பாய், உன் மனம் எனக்குத் தெரியும். ஆனால் வாப்பா அதை வலக்கையால் தூக்கப் பார்த்தார். பெப்ரவரியில் பாரிசவாதம் வந்த கை, பாதியிலேயே விழுந்துவிட்டது. அலுமாரிக்குப் பின்னால் வைத்தவர் அதற்குப் பிறகு இன்னும் ஒடுங்கிப்போனார்.

நான் உனக்கு மறைத்த பெரிய கவலை அதுவல்ல. வலக்கை வாய்வரை போகாததால் அவர் குசினியில் அடுப்புப் பக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு தனியாக இடக்கையால் சாப்பிடுகிறார். ஷஹ்மாவைக்கூடப் பக்கத்தில் விடுவதில்லை. ஏலாதவருக்கு அது குற்றமே இல்லை என்று மௌலவி வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போனார், வாப்பா தலையை ஆட்டினார், அவ்வளவுதான். ஷஹ்மாவின் கலியாணப் பேச்சு வந்தபோது, ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டுல சாப்பிடுற சஹன்ல என்ட இடக்கைய எப்பிடிப் போடுற, நிக்காஹ் முடிஞ்ச கையோட நான் வீட்டுக்கு வந்துடுவன், யாரும் என்னய நிப்பாட்ட வேணாம் என்று சொல்லிவிட்டார். மகளின் கலியாணச் சாப்பாட்டில் வாப்பா இல்லையென்றால் அது என்ன கலியாணம்? ஷஹ்மா சாரிக்கு மணி தைப்பதை நிறுத்திவிட்டு அழுதாள். எனக்கு அழக்கூட நேரமில்லை, கோபம்தான் வந்தது.

தண்ணீரைக் கண்டால் இந்த மனிதர் மாறிவிடுவார் என்று எனக்குத் தெரியும். பஸ் ஓட்டின காலத்தில் லீவு நாளில் கைத்தூண்டிலோடு பொல்கொல்லை அணைப் பக்கம் போனால் பொழுதுபட்டு மஃரிப் தொழுகைக்குத்தான் திரும்புவார். ஆகவே நானே ஒரு தடி வாங்குவதென்று முடிவெடுத்தேன். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, தையல் டேப்பால் அவர் அக்குளிலிருந்து மணிக்கட்டுவரை அளந்தேன். அந்த டேப்போடு கண்டி டவுனுக்குப் போய், தூண்டில் சாமான் விற்கும் கடையில் தடிகளின் பிடியை ஒவ்வொன்றாக அளக்கத் தொடங்கினேன். கடைக்காரர், மஹய்யாவப் பக்கத்துத் திவாகரன், என்னக்கா, தடிக்குச் சட்டை தைக்கப் போறீங்களா என்று சிரித்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பை விட்டுவிட்டு ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தார். நல்ல பிள்ளை.

ஆறாயிரத்துக்கு மேல் என்னிடம் இல்லை, கலியாணச் செலவு உனக்கே தெரியும். திவாகரன் சொன்னார், குளத்து மீனுக்கு ஆறடித் தடி தாராளம், காபன் தடி பாரம் குறைவு ஆனா விலை கூட, எங்கயாவது தட்டுப்பட்டாலும் உடைஞ்சிரும், நீங்க பைபர் தடி எடுங்க, ரெண்டாக் கழட்டி பஸ்ல கொண்டு போகலாம் என்று. பிடி நீளமானதாகப் பார்த்தேன், அப்போதுதான் வலப்பக்க அக்குளில் அடக்கிக்கொண்டு இடக்கையால் சுற்றலாம். நூல் சுற்றும் ரீல்தான் பிரச்சினை. வழக்கமான ரீலில் எறிவதற்கு முன் ஒரு கையால் தடியைப் பிடித்து மறு கையால் கம்பியைத் திறக்க வேண்டுமாம். பட்டன் வைத்த மூடின ரீல் ஒன்று இருக்கிறது, பெருவிரலால் அமுக்கி எறிந்தால் போதும், கைப்பிடியையும் கழற்றி இடப்பக்கம் மாட்டலாம், விலையும் குறைவு. ஆனா அது சின்னப் புள்ளைங்க பழகுற ரீல், ஐயா ஏதும் நெனைப்பாரோ என்று தயங்கினார். மீனுக்கு அது தெரியவா போகிறது என்று கேட்டு அதையே எடுத்தேன். தடியின் வளையங்களுக்குள் என் தையல் நூலை ஓட்டிப் பார்த்தேன், முதல் தடியில் ஒரு வளையம் நூலைப் பிசிறாக்கியது, அப்படியென்றால் தூண்டிலின் தங்கூசி நூலையும் அறுக்கும் அல்லவா? வேறு தடி கேட்டேன். திவாகரன், இத்தன வருசம் யாவாரம் பண்றேன், இது எனக்குத் தெரியாதே அக்கா என்றார்.

போன சனிக்கிழமை திகனைப் பக்கம் விக்டோரியா அணைக்கட்டுத் தண்ணீருக்குப் போனோம். வேனில் கூட்டிப் போனது யார் தெரியுமா, ஷஹ்மாவின் மாப்பிள்ளை அஹ்னாப். நிக்காஹுக்கு முன் மாப்பிள்ளை இப்படி வந்து போவது சரியில்லைதான், ஆனால் வேன் அவரிடம்தானே இருக்கிறது. கரையில் ஏழெட்டுப் பேர் எறிந்துகொண்டிருந்தார்கள். வாப்பா கன நேரம் அவர்களையே பார்த்துவிட்டு, எல்லாரும் இடக்கையாலதானே சுத்துறாங்க என்று மெதுவாகச் சொன்னார். நான் புதுத் தடியின் கொக்கியில் இரைக்குப் பாண் உருண்டையைக் குத்தி அவரிடம் கொடுத்தேன். முதல் எறி புதருக்குள் போனது. எழும்பப் பார்த்த அஹ்னாபை நான் கண்ணாலேயே உட்கார வைத்தேன். நாலாவது எறி நல்ல தூரம் போனது. கொஞ்ச நேரத்தில் தடி வளைந்தது, அக்குளில் அடக்கிக்கொண்டு சுற்றினார், உள்ளங்கை அகலத்தில் ஒரு திலாப்பியா. அது துள்ளியபோது அந்த ஏலாத வலக்கை தானாக வந்து மீனை நெஞ்சோடு அமர்த்தியது மகன். சட்டையெல்லாம் சேறு, ஆனால் அவர் சிரித்தார், பெப்ரவரிக்குப் பிறகு அன்றுதான் சிரித்தார்.

இன்னும் இரண்டு பிடித்தார். பசி வந்ததும் சோற்றுப் பார்சலைப் பிரித்தேன். அவர் எங்காவது திரும்பி உட்காருவார் என்று நினைத்து நானே முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவரோ தண்ணீரில் இடக்கையைக் கழுவி, பிஸ்மில்லாஹ் சொல்லி, மாப்பிள்ளைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, தப்பிப்போன ஒரு பெரிய மீனைப் பற்றிச் சத்தமாகப் பேசியபடி சாப்பிடத் தொடங்கினார். அஹ்னாப் நிமிர்ந்தும் பார்க்கவில்லை, கோழியைப் பிய்த்து அவர் பக்கம் வைத்துக்கொண்டே கதை கேட்டார். நல்ல மாப்பிள்ளையைத்தான் அல்லாஹ் தந்திருக்கிறான், எனக்கு அழுகை வந்துவிட்டது.

நேரத்துக்குச் சாப்பிடு, ஏசிக்குள் வியர்வையோடு போய் நிற்காதே, கடல் தடி பற்றி வாப்பாவிடம் வாய் திறக்காதே. அல்லாஹ் உன் ரிஸ்கில், உழைப்பில் பரக்கத் செய்வானாக, உன் பயணத்தை இலேசாக்குவானாக. லீவை மட்டும் இப்போதே எழுதிக் கொடு, கலியாணத்துக்கு இரண்டு நாள் முந்தி வந்துவிட வேண்டும், சாட்டுச் சொல்லாதே. ஏனென்றால் அன்று வேனில் திரும்பி வரும்போது வாப்பா என்னிடம் சொன்னது இதுதான்: சஹன்ல எனக்குப் பக்கத்துல ஸாகிய இருக்கச் சொல்லு, கோழிய அவன் பிச்சி வெக்கட்டும், மாப்புளக்கி அண்டைக்கி வேற வேல இருக்குந்தானே.

துஆவுடன்,
உன் உம்மா
சகீனா