பட்டையில் வந்த பெயர்

என் அன்பு மச்சான் ஏழுமலைக்கு,

கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. வரி மேடும் பள்ளமுமாகப் போகிறது. படகுக் கோல் ஊன்றிய கைக்குப் பேனா அடங்க மாட்டேன் என்கிறது. எழுத்துக் கூட்ட இந்த வருஷம்தானே கற்றேன்!

மீனவர் சங்கத்து அறையில் இருக்கும் கம்ப்யூட்டரை உன் மகள் செல்விதான் பார்த்துக்கொள்கிறாள். லினக்ஸாம். திரையின் மேலோரம் மணியும் தேதியும் காட்டுகிற பட்டை ஒன்று உண்டு. நமக்கு வேண்டியதையும் அதில் வரவைக்கலாமாம். ஷெல் ஸ்கிரிப்ட் என்று நாலைந்து வரி எழுதினாள். அது தேதியைப் பார்த்து, பழைய நோட்டில் இருந்தபடியே ஊர்க்காரர் பெயர்களை ஏற்றிய கோப்பைத் திறந்து, ஏரியில் இன்று வலை போடும் பாடு யாருக்கோ அந்தப் பெயரைப் பட்டையில் வைக்கும். யார் முறை என்ற சண்டையே இப்போது இல்லை.

நீ கண்ணை மூடிய பிறகு உன் பாடு இன்றுதான் வந்தது. நானே எழுத்துக் கூட்டினேன். "ஏ... ழு... மலை." நீ போனதை அதற்கு யார் சொன்னார்கள்?

தலைவர் தொண்டையைச் செருமினார். "ஆம்பளப் புள்ள இல்லாத வூடு. பேரை எடுத்துடும்மா."

அப்பன் பெயரைச் செல்வியே அழிக்க வேண்டுமா? "எடுக்கறேன். அந்த எடத்துல என் பேரைப் போடுவேன்" என்றாள்.

"பொம்பளைக்கு இன்னா பாடு?"

உன் தங்கச்சி விடுவாளா? "ஏரில குந்திக்கினு கையால இறால் தடவுறது யாரு, நீயா தலைவரே? அப்போ மட்டும் பொம்பள கண்ணுக்குத் தெரியலையா?"

அறையே சிரித்தது. தலைவருக்கும் அடக்க முடியவில்லை. "செரி, போட்டுக்கோ. இவகிட்ட யாரு பேசறது!"

செல்வி என் பக்கம் திரும்பினாள். "மாமா, நீ அடி."

கம்ப்யூட்டரில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தேன். உன் பெயரை அழித்தேன், கோபித்துக்கொள்ளாதே. முதல் எழுத்தை மட்டும் விட்டுவைத்தேன். கொஞ்ச நேரத்தில் பட்டை தானாக மாறியது.

"ஏ. செல்வி."

சத்தமாகப் படித்தேன் மச்சான். தெரு வரை கேட்டிருக்கும்.

உன் வலையோடு அவளும் அவள் அத்தையும் படகேறினார்கள். கோல் ஊன்ற நான். நண்டு சுமார், இறால் பரவாயில்லை. உன் கைராசி வர நாளாகும்.

அடுத்த வாரம் என் பாடு. இன்னா விழுந்தது என்று உனக்கு எழுதிவிடுகிறேன். அதற்குள் இந்த வரிகளும் கொஞ்சம் நிமிரும்.

உன் தங்கச்சி புருஷன்,
முனுசாமி