அச்சில் இருப்பது பர்ஃபி அல்ல

ஏனுங்க,

இட்லி ஹாட்பாக்ஸ்ல இருக்குது, சட்னி ஃப்ரிட்ஜ்ல. மேடைமேல அச்சுல இருக்கறது பர்ஃபி இல்லீங்க, சோப்பு. வாயில போட்டுறாதீங்க.

ஆட்டுப்பால் சோப்பு பேஸ் கட்டியையும் கிளிசரின் பேஸ் கட்டியையும் உருக்கி, அரப்புத்தூள் கலந்திருக்கேன். போன தடவை கொதிக்கக் கொதிக்க ஊத்தினதாலதான் அரப்புத்தூள் பூரா அடியில தங்கிப்போச்சு. இந்தத் தடவை கொஞ்சம் ஆறவிட்டு ஊத்தியிருக்கேன். சாயங்காலம் வரைக்கும் அச்சை அசைக்காதீங்க.

மத்தியானம் அன்னூர்ல இருந்து உங்க அக்கா வாராங்க. “தலைக்குத் தேய்க்கிற அரப்பை யாராச்சும் சோப்புல போடுவாங்களா?”னு அன்னைக்கு எங்கிட்டச் சிரிச்ச மாதிரி அவங்ககிட்டயும் சொல்லிச் சிரிச்சீங்கன்னா, ராத்திரிச் சமையல் உங்களுதுதான்.

வசுந்தரா

பி.கு: வேண்டாம்னு நான் ஒதுக்கி வச்ச போன தடவைச் சோப்பு பாத்ரூம்ல நனைஞ்சு கிடக்குது. உங்க தலையணை பூரா அரப்பு வாசம். கேட்டா குடுக்கமாட்டனுங்களா?