மொட்டை மாடியில் ஆப்பிரிக்கா

16 ஜூலை 1966, சனி. செம்பூர்.

ஜாம்பியாவில் வாத்தியாராக இருக்கும் சித்தப்பா, டிசம்பர் லீவில் லாரியில் ஊர் ஊராகப் போய்க் காட்டில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறார். என்னையும் கூப்பிட்டிருக்கிறார். அங்கே அப்போது மழைக்காலம். கூடாரம் என்றாலே அம்மாவுக்குக் 'கூடாது'தான்.

"முதல்ல நம்ம மொட்டை மாடியில ஒரு ராத்திரி மழையில படுத்துக் காட்டு. கீழே இறங்கினா ஆப்பிரிக்கா கிடையாது" என்றாள்.

தண்ணீர்த் தொட்டியோடு தார்ப்பாயைக் கட்டி, அடியில் பாய் விரித்துப் படுத்தேன். ஒன்பது மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. பாய் மிதந்தது, நானும் மிதந்தேன். அம்மா குடையோடு மேலே வந்தாள்.

"போதும்டி, கீழே வா."

"வர மாட்டேன். இது உன் தந்திரம்."

"ஜுரம் வந்தா?"

"அதையும் லாரியில ஏத்திக்கறேன்."

முறைத்தாள். பிறகு குடையை மடக்கி, என்னைத் தள்ளிவிட்டு உள்ளே உட்கார்ந்தாள். வெகுநேரம் மழையையே பார்த்தாள். இத்தனை வருஷத்தில் வடாம் காயவைக்க மட்டும்தான் இந்த மாடிக்கு வந்திருக்கிறாளாம்.

"ஏண்டி, அந்த லாரியில இன்னொரு ஆளுக்கு இடம் இருக்குமா?"

அனுமதி கிடைத்துவிட்டது, கூடவே அம்மாவும். என் போர்வை முழுக்க இப்போது அவளிடம். டார்ச் மங்குகிறது. சித்தப்பாவுக்கு நான் எழுதிவிடுவேன். சிங்கங்களுக்கு யார் சொல்வது?