இரண்டு முறை மெல்லச் சொன்னேன்

அம்மாவுக்கு மகள் வணக்கத்துடன் எழுதுவது.

பிரஷர் மாத்திரையை வேளாவேளைக்குப் போடுகிறாயா? எனக்கு ஒரு குறையுமில்லை. நின்று நின்று கால்தான் வீங்குகிறது.

நேற்று ஆபரேஷன் தியேட்டரில் ஒரு சின்னக் கூத்து. பெரியவர் ஒருவருக்கு இடது முழங்காலில் ஆபரேஷன். ஆனால் மருந்து பூசித் தயாராக இருந்ததோ வலது கால். இந்த ஊர்ப் பாஷையில் இரண்டு முறை மெல்லச் சொன்னேன். டாக்டர் காதில் விழவில்லை. அவர் கத்தியை எடுத்ததும் என்னையறியாமல் தமிழிலேயே கத்திவிட்டேன்: "ஐயோ, நிறுத்துங்க!"

அங்கே யாருக்கும் தமிழ் தெரியாது. ஆனாலும் எல்லாக் கையும் நின்றுவிட்டது.

டாக்டர் கேஸ் ஷீட்டைப் பார்த்து முகம் வெளுத்தார். "முதல்லயே சொல்லக் கூடாதா சிஸ்டர்?"

"சொன்னேன் டாக்டர்."

உடனே இடது காலைத் தயார் செய்யச் சொன்னார். இன்று காலை அடுத்த ஆபரேஷனில், கத்திக்குக் கை நீட்டுமுன் என்னைப் பார்த்து, "ஆரம்பிக்கலாமா சிஸ்டர்?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் கழுவும்போது எனக்குப் போன் போட்டுப் பக்கத்தில் வைத்துவிடு. பேசாவிட்டாலும் பரவாயில்லை, அந்தப் பாத்திரச் சத்தம் கேட்டால் போதும்.

கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

உன் மகள்